அவிழும் கட்டுக்கு நாட்டரைத் திட்டும் முன்: சதுரக்கட்டு வைக்கோல் மெஷின்

வைக்கோல் கட்டு அவிழ்ந்து வயலில் சிதறினால் உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நாட்டருக்கு, அதாவது முடிச்சுப் போடும் பாகத்துக்கு, போவதுதான் வழக்கம். ஸ்பிரிங்கை அரைச் சுற்று இறுக்குவார்கள், அடுத்த கட்டும் அவிழும், இன்னும் அரைச் சுற்று. மதியத்துக்குள் மெஷின் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அளவு எதுவென்றே யாருக்கும் தெரியாமல் போய்விடும். நாட்டர் இந்த மெஷினில் கடைசியாக வேலை செய்கிற உறுப்பு. முன்னால் உள்ளவை தப்பாகக் கொடுத்ததை அதனால் சரி செய்ய முடியாது. அதனால் வைக்கோல் உள்ளே நுழையும் இடத்திலிருந்து தொடங்கி, அது போகும் வழியிலேயே போவோம்.

டிராக்டரின் பிடிஓ, அதாவது பின்னால் இருந்து மெஷினை ஓட்டும் சுழல்தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று. அது முதலில் கனமான ஃப்ளைவீலைச் சுற்றுகிறது, பிறகு கியர் பாக்ஸ், அங்கிருந்து கிராங்கும் கனெக்டிங் ராடும், அதன் முனையில் வைக்கோலை இடித்து அழுத்தும் பிளஞ்சர். சிறு சதுரக்கட்டு மெஷின்களில் பிளஞ்சர் நிமிடத்துக்கு 80 முதல் 100 முறை முன்னும் பின்னும் போய்வரும். ஒரு அடிக்கு, அதாவது ஒருமுறை போய்வர, முக்கால் நொடிக்கு மேல் கிடையாது. வைக்கோலை நசுக்கி வெட்டும் அந்தச் சின்ன நேரத்தில் தேவைப்படும் விசை மிக அதிகம், பின்னோக்கி வரும்போது மிகக் குறைவு. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கத்தான் ஃப்ளைவீல். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் என்ஜின் திணறும்.

இதனால்தான் வேகம் குறைய வேண்டுமென்றால் கியரை மாற்ற வேண்டும், ஆக்சிலேட்டரைக் குறைக்கக் கூடாது. பிடிஓ 540-க்குக் கீழே போனால் ஃப்ளைவீலில் சேமிப்பு குறைகிறது. பிளஞ்சர் பலமில்லாமல் தள்ளுகிறது. வைக்கோல் உள்ளே குவிகிறது. வயலில் வண்டி மெதுவாகப் போகட்டும், உள்ளே மெஷின் முழு வேகத்தில் ஓடட்டும்.

முன்னால் இருப்பது பிக்கப். சுழலும் உருளையில் ஸ்பிரிங் கம்பி விரல்கள். கேம் பாதை எனும் வளைந்த தடம் அந்த விரல்களைக் கீழே நீட்டி, மேலே வந்ததும் உள்ளிழுத்து, வைக்கோலை நழுவவிடுகிறது. விரல் நுனி தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இருந்தால் போதும். டெல்டா வயல்களில் பலரும் வைக்கோல் மிச்சப்படுகிறது என்று இதை இன்னும் இறக்குவார்கள். மண்ணை வாரிக்கொண்டு வரும் பிக்கப், தானும் தேய்ந்து, கத்தியையும் தேய்த்து, கட்டுக்குள் மண்ணையும் வைத்துவிடும். மண் கலந்த கட்டை மாடும் ஒதுக்கும், வாங்க வருகிறவரும் ஒதுக்குவார். அறுவடை மெஷின் விட்டுச்செல்லும் தாள் உயரத்தின் மேல் வைக்கோல் உட்கார்ந்திருக்கிறது. அந்த உயரத்துக்கு ஏற்ப பிக்கப்பை வைக்க வேண்டும். பெல்ட் பூட்டிய அறுவடை மெஷினின் தடத்தில் சேற்றோடு அழுந்திப்போன வைக்கோலை எடுக்க முயலாமல் விட்டுவிடுவதே நல்லது.

அறுவடைக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அறுவடை மெஷின் வைக்கோலை நீளமாக, ஒரே வரிசையாக விட வேண்டும். வைக்கோல் நறுக்கும் கத்தி பூட்டி ஓடியிருந்தால் பிறகு கட்ட ஒன்றும் மிஞ்சாது. வரிசை ஒரு இடத்தில் குவியலாகவும் இன்னொரு இடத்தில் மெல்லியதாகவும் கிடந்தால் கட்டும் அப்படியே வரும். அங்கே ரேக் (வைக்கோலை வாரி வரிசையாக்கும் கருவி) ஓட்டி வரிசையைச் சமப்படுத்தச் செலவாகும் நேரம், பிறகு ஷியர் போல்ட், அதாவது சுமை மிஞ்சினால் தானே உடைந்து மெஷினைக் காக்கும் போல்ட், மாற்றும் நேரத்தைவிடக் குறைவு.

பிக்கப் தூக்கிய வைக்கோலை ஊட்டும் கைகள் பக்கவாட்டில் தள்ளி, கட்டு உருவாகும் அறைக்குள் கொடுக்கின்றன. இந்தக் கைகளும் பிளஞ்சரும் ஒரே தாளத்தில் ஓடுகின்றன: பிளஞ்சர் பின்வாங்கி வாய் திறந்திருக்கும்போது கை உள்ளே நுழைந்து கொடுத்துவிட்டு, பிளஞ்சர் திரும்ப வருவதற்குள் வெளியேறிவிட வேண்டும். சங்கிலி ஒரு பல் தாவினாலும் பிளஞ்சர் கையை அடித்துவிடும். கைகள் எவ்வளவு ஆழம் போகின்றன என்பதற்குத் தனி அமைப்பு உண்டு. கட்டு வாழைப்பழம் போல ஒரு பக்கம் வளைந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கை ஆழமாகப் போகாவிட்டால் அறையின் தூரப் பக்கத்துக்கு வைக்கோல் சேராது; அந்தப் பக்கம் இளகி, கட்டு வளையும்.

அறையின் அளவு பெரும்பாலும் 36 சென்டிமீட்டர் உயரம், 46 சென்டிமீட்டர் அகலம். பிளஞ்சரின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு அடுக்கு சேருகிறது. சுமார் 90 சென்டிமீட்டர் நீளக் கட்டில் 12 முதல் 18 அடுக்கு இருந்தால் வேகம் சரி. ஒரு கட்டை அவிழ்த்து அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். எட்டு ஒன்பதுதான் இருக்கிறது என்றால் வண்டி வேகமாகப் போகிறது: ஒவ்வொரு அடுக்கும் தடிமன், கத்திக்குச் சுமை அதிகம். இருபத்தைந்துக்கு மேல் என்றால் மெஷின் வீணாக ஓடுகிறது. இப்படி எண்ணிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் செய்கிறவர்களைக் காண்பது அரிது.

பிளஞ்சரின் பக்கவாட்டில் ஒரு கத்தி, அறை வாயில் எதிர்க்கத்தி. ஊட்டும் கை கொடுத்த வைக்கோலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்போது இந்த இரண்டும் கத்தரிக்கோல் போல அதைத் துண்டிக்கின்றன. இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள், சரியாகச் சொன்னால் 0.8 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். புல்லைக் கட்டுவதைவிட இங்கே கத்தி சீக்கிரம் மழுங்கும். மழுங்கியதைக் கத்தியைத் தொடாமலே தெரிந்துகொள்ளலாம். கட்டின் ஒரு பக்கம் வெட்டுப்பக்கம், எதிர்ப்பக்கம் மடிப்புப்பக்கம். வெட்டுப்பக்கம் நறுக்கியது போல இல்லாமல் வைக்கோல் வால்வாலாகத் தொங்கினால் கத்தி மழுங்கியிருக்கிறது, அல்லது பிளஞ்சர் ரோலர்கள் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. வெட்டாமல் இழுக்கும் மெஷினில் ஃப்ளைவீல் ஷியர் போல்ட் அடிக்கடி உடையும். அப்போது கடையில் கொஞ்சம் கெட்டியான போல்ட்டாகக் கேட்டு வாங்கிப் போடுவது பெரிய தவறு. அந்த போல்ட் உடைவதற்காகவே வைக்கப்பட்டது. அது உடையாவிட்டால் கியர் பாக்ஸ் உடையும். மெஷினின் கையேட்டில் சொன்ன அளவு, சொன்ன கிரேடு, அதே போல்ட்டைப் பத்து வாங்கி டூல் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்திய வைக்கோல் பிளஞ்சர் பின்வாங்கும்போது மீண்டும் விரிந்து வராமல் அறைச்சுவரில் ஸ்பிரிங் வைத்த பற்கள் பிடித்துக்கொள்கின்றன. இவற்றில் வைக்கோல் அடைத்து ஸ்பிரிங் அசையாமல் போனால் அடுக்குகள் பின்னோக்கி விரிந்து, ஊசி வரும் வழியில் வந்து நிற்கும். முடிச்சு தவறுவதற்கு நாட்டருக்கு வெளியே உள்ள காரணங்களில் இது முக்கியமானது. பலர் கண்ணுக்குத் தெரியாதது.

கட்டின் இறுக்கத்தைத் தீர்மானிப்பது அறையின் வால்பகுதி. அங்கே மேலும் கீழும் உள்ள தண்டவாளங்களை ஸ்பிரிங்கோ ஹைட்ராலிக்கோ நெருக்குகிறது. போய்க்கொண்டிருக்கும் கட்டுக்கு வழி குறுகும், உரசல் கூடும், பின்னால் வரும் வைக்கோல் அதை எதிர்த்து அழுந்தும். ஆக, இறுக்கம் என்பது உரசலைப் பொறுத்தது, உரசல் ஈரத்தைப் பொறுத்தது. காலையில் பனி விலகாத வைக்கோல் அறைச்சுவரில் அதிகம் உரசும். அதே திருகு அளவில் கட்டு கல்லாக வரும். மதியம் காய்ந்து வழுவழுப்பானதும் அதே அளவில் கட்டு தளரும். ஒருமுறை வைத்துவிட்டு நாள் முழுதும் ஓட்டக் கூடாது. மதியம் இறுக்கியதை மாலையில் மறந்துவிட்டு, மறுநாள் காலை பனியோடு ஓட்டத் தொடங்கினால் முதல் பத்துக் கட்டுக்குள் கயிறு அறும், அல்லது ஷியர் போல்ட் உடையும். இரண்டு பக்கத் திருகையும் சம அளவு திருப்ப வேண்டும். நெல் வைக்கோல் மிகவும் வழுக்கினால் அறைக்குள் ஆப்புத் தகடுகள் பூட்டி உரசலைக் கூட்டலாம்.

ஈரத்தைச் சோதிக்க மீட்டர் இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஒரு பிடி வைக்கோலைத் துணி பிழிவது போல முறுக்குங்கள். இரண்டு மூன்று முறுக்கில் நொறுங்கி ஒடிந்தால் கட்டலாம். தோல் போல வளைந்து கொடுத்தால் காத்திருக்க வேண்டும். தண்டு காய்ந்த பிறகும் கணுவில் ஈரம் நிற்கும். நகத்தால் கணுவைக் கீறிப் பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுவடையின்போது பத்து மணிக்கு முன் தொடங்காமல் இருப்பது நல்லது. ஈரத்தோடு கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். சந்தேகமிருந்தால் வைக்கோல் போருக்குள் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி ஒரு மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் போரைப் பிரித்துவிட வேண்டும்.

இனி முடிச்சு. அறையின் மேல் ஒரு பல்சக்கரம், நகரும் கட்டே அதைச் சுழற்றும். குறித்த நீளம் ஆனதும் அது ஒரு கொக்கியை விடுவிக்க, கிளட்ச் பிடித்து, ஊசிகளும் நாட்டரும் ஒரே ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும். பிளஞ்சர் ஓய்வதில்லை. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முழுவதும் முடிந்தாக வேண்டும்.

அதற்கு முந்தைய நிலையைப் பார்ப்போம். கயிற்றின் நுனியை மேலே நாட்டரின் தட்டு கவ்விப் பிடித்திருக்கிறது. கயிறு அங்கிருந்து அறைக்குள் இறங்கி, கீழே ஊசியின் காதில் நுழைந்து, பெட்டிக்குப் போகிறது. கட்டு வளர வளர இந்தக் கயிற்றைத் தள்ளிக்கொண்டு போய், மேலும் அடியும் சுற்றிவருகிறது. நீளம் நிறைந்ததும் வளைந்த ஊசி கீழிருந்து எழும்புகிறது. பிளஞ்சர் வைக்கோலை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் அது; பிளஞ்சர் முகத்தில் ஊசி போவதற்கென்றே நெடுக்குப் பள்ளம் இருக்கிறது. ஊசி இரண்டாவது இழையை மேலே கொண்டுவந்து முதல் இழையின் பக்கத்தில், தட்டின் அடுத்த பள்ளத்தில் வைக்கிறது. தட்டு சற்றுத் திரும்பி அதையும் கவ்வுகிறது. இப்போது இரண்டு இழைகளும் ஒரு சின்ன அலகின் மேல் கிடக்கின்றன. இதைத்தான் பில் ஹூக் என்கிறோம். பறவையின் அலகு போலவே இருக்கும். அது ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது. இழைகள் அதன் மேல் வளையமாகின்றன. சுற்றின் முடிவில் அலகு வாய் திறந்து இரண்டு இழைகளையும் கவ்வி மூடுகிறது. அலகுக்கும் தட்டுக்கும் நடுவே கத்தி அறுக்கிறது. கத்தி இருக்கும் கையே துடைப்பான் போல அலகின் மேலுள்ள வளையத்தை வழித்துத் தள்ளுகிறது. அலகு கவ்வியிருக்கும் நுனிகள் வளையத்துக்குள் இழுபட, முடிச்சு விழுகிறது. ஊசி இறங்கும்போது அடுத்த கட்டுக்கான கயிறு தட்டிலேயே மாட்டியிருக்கும்.

எத்தனை முறை கையால் சுற்றிப் பார்த்தாலும் அலுக்காத இயக்கம் இது. 1870-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த ஜான் ஆப்பிள்பி, கோதுமைக் கதிர்க்கட்டு கட்டும் மெஷினுக்காக உருவாக்கிய முடிச்சின் வழியில் வந்ததுதான் இன்றைய நாட்டர். ஆனால் வைக்கோல் மெஷினுக்கு அது வந்துசேர வெகுகாலம் ஆனது. நடுவில், அறைக்குள் பள்ளம் வெட்டிய மரக்கட்டையைக் கட்டுக்கும் கட்டுக்கும் இடையே செருகி, அந்தப் பள்ளம் வழியே கம்பியை விட்டு ஆட்களே கட்டினார்கள். பென்சில்வேனியா விவசாயி எட்வின் நோல்ட் உருவாக்கிய, தானே வயலில் வாரித் தானே முடிச்சுப் போடும் பேலரை (கட்டு கட்டும் மெஷினை) 1940-இல் நியூ ஹாலந்து நிறுவனம் செய்து விற்கத் தொடங்கிய பிறகுதான் இந்த வேலை வேகம் எடுத்தது.

அவிழ்ந்த கட்டின் கயிற்றைத் தூக்கி எறியாதீர்கள். என்ன தவறு என்பது அதில்தான் எழுதியிருக்கிறது. ஒரு நுனியில் மட்டும் முடிச்சு, மறு நுனி நேராக இருக்கிறது என்றால் அலகு ஒரே இழையைத்தான் பிடித்தது. முடிச்சில்லாமல் நழுவியது ஊசி கொண்டுவந்த இழை என்றால், பெட்டிப் பக்கத்தில் கயிற்றின் இழுப்பு தளர்ந்திருக்கலாம், ஊசி வளைந்திருக்கலாம், அல்லது ஊசியோடு வைக்கோலும் ஏறியிருக்கலாம். நழுவியது தட்டில் பிடித்திருந்த பழைய நுனி என்றால், தட்டின் கவ்வும் ஸ்பிரிங் தளர்ந்து, கட்டு இழுத்த இழுப்பில் நுனி முன்பே உருவிக்கொண்டது. இரண்டு நுனியிலும் முடிச்சே இல்லை, ஆனால் கயிறு முறுக்கியது போல வளைந்திருக்கிறது என்றால் அலகின் வாய் இறுகக் கவ்வவில்லை. முடிச்சு விழுந்து, அலகை விட்டு இறங்காமல் அங்கேயே அறுந்தால் வாய் மிகவும் இறுகியிருக்கிறது, அல்லது அலகில் துருவோ கீறலோ இருக்கிறது, அல்லது துடைப்பான் கை அலகைத் தொட்டு உரசிப் போகவில்லை. அந்தக் கை அலகைத் தொட வேண்டும். இடைவெளி தெரிந்தால் சரிசெய்ய வேண்டும். நுனி பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் கத்தி மழுங்கியிருக்கிறது, அல்லது தட்டு நசுக்குகிறது.

எதைத் திருகினாலும் கால் சுற்றுக்கு மேல் திருகாமல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அடுத்த ஐந்தாறு கட்டைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இரண்டு நாட்டரில் ஒன்று மட்டும் தவறினால் வேலை எளிது: நன்றாக ஓடுவதை ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். இரண்டும் ஒரே நேரத்தில் தவறத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் நாட்டரில் இருக்காது. கயிறு மாறியிருக்கும், ஈரம் மாறியிருக்கும், அல்லது டைமிங், அதாவது ஊசியும் பிளஞ்சரும் நேரம் ஒத்து ஓடுவது, விட்டிருக்கும்.

டைமிங் பார்க்க என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, பிடிஓ ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள். கொக்கியைக் கையால் விடுவித்து, ஃப்ளைவீலை ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றி, ஊசி நுனி பிளஞ்சர் பள்ளத்துக்குள் எப்போது நுழைகிறது என்று கையேட்டின் அளவோடு பாருங்கள். ஒருவர் ஃப்ளைவீலைச் சுற்ற, இன்னொருவர் நாட்டருக்குள் விரலை வைத்துக் காட்டும் வேலை வேண்டவே வேண்டாம். கையால் சுற்றினாலும் அந்தக் கத்தி அறுக்கும். ஓட்டம் நிறுத்திய பிறகும் ஃப்ளைவீல் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஊசியைக் காக்க ஒரு தடுப்பு இருக்கிறது. ஊசிகள் தங்கள் இடத்தை விட்டு எழும்பினால் அது அறைக்குள் நீண்டு நிற்கும். ஊசி மேலேயே மாட்டிக்கொண்டால், பிளஞ்சர் இந்தத் தடுப்பில் மோதி ஷியர் போல்ட் உடையும், ஊசி பிழைக்கும். துருப்பிடித்து அசையாத தடுப்பால் பயனில்லை. வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டு அசைத்துப் பாருங்கள். ஊசி பிரேக்கும் அப்படித்தான். அது தளர்ந்தால் வரப்பில் குதிக்கும்போது ஊசி தானாக அறைக்குள் நகரும்.

கயிற்றில் சிசல் என்னும் செடிநார்க் கயிறும் உண்டு, பிளாஸ்டிக்கும் உண்டு. தடிமனும் வழுக்கலும் வேறு என்பதால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால் தட்டு, அலகு இரண்டின் ஸ்பிரிங்கையும் மறுபடி பார்க்க வேண்டும். உருண்டையின் வெளிநுனியை அடுத்த உருண்டையின் உள்நுனியோடு சேருங்கள். முடிச்சு சின்னதாக, ஊசிக்காதில் தடங்காமல் போக வேண்டும். பிளாஸ்டிக் கயிற்றில் கட்டிய வைக்கோலை வாங்குகிறவர்களுக்கு: அறுத்த கயிற்றை எண்ணி எடுத்துவிடுங்கள், ஒரு கட்டுக்கு இரண்டு. மாட்டின் வயிற்றுக்குள் போன கயிறு செரிக்காது, வெளியேயும் வராது.

டெல்டாவில் இப்போது அதிகம் ஓடுவது சிறு உருளைக்கட்டு மெஷின். அதில் பிளஞ்சரும் இல்லை, முடிச்சும் இல்லை. உருளைகளோ சங்கிலிப் பட்டைகளோ வைக்கோலைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டும்; நிறைந்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, பிடிஓவை ஓடவிட்டபடியே கயிறு சுற்ற வைத்து, பின்கதவைத் திறந்து தள்ளுவார். கயிற்று நுனி தானாகப் பிடித்துக்கொள்ளாது. உள்ளே போகும் கடைசி வைக்கோலோடு சேர்ந்துதான் இழுபடும். அதனால் கயிறு இறங்கும்போது கொஞ்சம் வைக்கோல் போய்க்கொண்டிருக்க வேண்டும். வரிசை பிக்கப்பைவிடக் குறுகலாக இருந்தால் வண்டியை இடமும் வலமும் மாற்றி ஓட்ட வேண்டும். நடுவிலேயே கொடுத்தால் கட்டு பீப்பாயாகும், ஓரங்களிலேயே கொடுத்தால் உடுக்கையாகும். இரண்டிலும் கயிறு நழுவும். பாகங்கள் குறைவு, கற்றுக்கொள்வது எளிது. ஆனால் கட்டுக்குக் கட்டு வண்டி நிற்க வேண்டும், நடுப்பகுதி இளகலாக இருக்கும், லாரியில் அடுக்கும்போது இடுக்குகளில் இடம் வீணாகும். வெளியூருக்கு, முக்கியமாகக் கேரளாவுக்கு ஏற்றுகிறவர்களுக்குச் சதுரக்கட்டுதான் கணக்குக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து.

பருவம் முடிந்ததும் அறைக்குள் கடைசிக் கட்டை விட்டுவைக்காதீர்கள். அது ஈரம் இழுத்துச் சுவரைத் துருவேற்றும். வழுவழுப்பான சுவர் போனால் அடுத்த பருவத்தில் இறுக்கத்தின் அளவு எதுவும் பழையபடி வராது. வால்பகுதித் திருகுகளைத் தளர்த்துங்கள். பேரிங் பக்கத்தில் சேர்ந்த கூளத்தைத் துடைத்தெடுங்கள்; சூடான பேரிங்கில் தீப்பிடிப்பது இந்தக் கூளத்தில்தான். சங்கிலிக்கு எண்ணெய். இரண்டு பில் ஹூக்கையும் துணியால் துடைத்து, கிரீஸ் பூசி, ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவையுங்கள். அடுத்த பருவத்தில் முதல் கட்டுக்கு முன் அந்த கிரீஸை முழுக்கத் துடைத்துவிட வேண்டும்.